இயக்குநரை முந்திய ஞாயிற்றுக்கிழமை

எடையளவு அலுவலகத்தில் முத்திரை ஆய்வாளராக இருந்தவரை எல்லோரும் மில்லிமீட்டர் என்றுதான் சொல்வார்கள், முகத்துக்கு நேரே அல்ல. கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடம் அதையே செய்து செய்து, எதைப் பார்த்தாலும் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்கும் கண் அவருக்கு வந்துவிட்டது. வீட்டில் சுவர்க் கடிகாரம் அரை விரல் சாய்ந்து தொங்கினால் அவருக்குச் சோறு இறங்காது. மனைவி ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். அவளுக்கும் அளவு முக்கியம்தான், ஆனால் அதை ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வரத் தெரிந்தவள்.

அந்த அலுவலகத்துக்குப் புதிதாக ஓர் இயக்குநர் வந்தார். வந்த இரண்டாவது வாரமே ஒரு சுற்றறிக்கை விட்டார். ஊழியர்களின் மன அழுத்தத்தைக் குறைப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கிராமப்புறத்தில் நடைப்பயணம் போக வேண்டும், வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வரலாம் என்று அதில் இருந்தது. கலந்துகொள்வது அவரவர் விருப்பம். விருப்பமில்லாதவர்கள் அதற்கான காரணத்தை எழுத்தில் மூன்று பிரதிகள் தர வேண்டும். எட்டு ஊழியர்களுக்கும் ஒரே நாளில் விருப்பம் வந்துவிட்டது.

ஏற்பாடுகளை மில்லிமீட்டரிடம் ஒப்படைத்தார்கள். அலுவலக ஜீப் ஆறு பேருக்கு மேல் கொள்ளாது, தவிர அது ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. ஆகவே ரயிலில்தான் போக வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். ஒரு ஸ்டேஷனில் இறங்கி, வயல்வெளி வழியாக நடந்து, இன்னொரு ஸ்டேஷனில் ரயிலேறித் திரும்புவது. கால அட்டவணையும் நிலப்படமும் கையில் கிடைத்ததும் மனிதருக்குப் பத்து வயது குறைந்தாற்போல் ஆகிவிட்டது.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் தனியாகப் போய் வந்தார். அலுவலகக் கிடங்கிலிருந்து தூரம் அளக்கும் சக்கரத்தை, தரையில் உருட்டினால் மீட்டர் கணக்கு ஓடுமே, அதை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையிலும் கல்குவாரி ஓரத்திலும் உருட்டிக்கொண்டு நடந்தார். நிலம் கையகப்படுத்த ஆள் வந்துவிட்டது என்று பயந்து ஒரு விவசாயி அவரை இரண்டு கிலோமீட்டர் பின்தொடர்ந்து வந்தார். கடைசியில் விஷயம் தெரிந்ததும், நடப்பதற்காகவா நடக்கிறீர்கள் என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு திரும்பிப் போனார்.

மொத்தம் பதினாறு கிலோமீட்டர். இனி வேகம் தெரிய வேண்டும். ஊழியர்கள் சராசரியாக மணிக்கு எவ்வளவு நடப்பார்கள்? கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள் என்பது தராசுக்காரர்களிடம் அவர் கற்ற பாடம். அதனால் யாருக்கும் தெரியாமல் அளந்தார். மதியம் ஒரு மணிக்கு ஒவ்வொருவரும் நாற்காலியிலிருந்து எழுந்து கேன்டீன் வாசலைத் தொடும் வரை மணி பார்த்துக் குறித்துக்கொண்டார். பத்து நாள் சராசரி மணிக்கு ஐந்து புள்ளி நான்கு கிலோமீட்டர் வந்தது. பசியோடு கேன்டீனுக்குப் போகிறவனின் வேகத்தை வைத்து உலகத்தில் எதையும் திட்டமிடக் கூடாது என்று அவருக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. இயக்குநரின் வேகத்தை மட்டும் அவரால் அளக்க முடியவில்லை. இயக்குநருக்குச் சாப்பாடு அறைக்கே வந்துவிடும்.

இரண்டு பக்கத்தில் அட்டவணை தயாரானது. ஒன்பது இருபதுக்குப் புறப்பாடு. பத்து பதினைந்துக்கு வாய்க்கால் மதகு, தண்ணீர் குடிக்க ஐந்து நிமிடம். பத்து ஐம்பத்தைந்துக்குக் குன்றின் அடிவாரம், இயற்கையை ரசிக்க ஏழு நிமிடம். பதினொன்று நாற்பத்தைந்துக்குக் குளக்கரையில் சாப்பாடு. ஒன்று இருபதுக்கு ஸ்டேஷன். ஒன்று நாற்பத்தைந்துக்கு ரயில். அதை விட்டால் அடுத்தது ஐந்து பத்துக்குத்தான். டிக்கெட்டை எல்லோருக்கும் சேர்த்து ஒரே குழுச்சீட்டாக எடுத்திருந்தார். இயக்குநரையும் சேர்த்துப் பதினெட்டு பேர் வர வேண்டியது. ஜீப் டிரைவர் தங்கையையும் தங்கை கணவரையும் பிரித்துக் கூட்டி வர முடியாது என்று சொல்லிவிட்டதால் பத்தொன்பது ஆனது.

மனைவி அட்டவணையை ஆர அமரப் படித்தாள்.

“ஏழு நிமிஷத்துல ரசிச்சு முடியலைன்னா?” என்று கேட்டாள். அதற்கு இருபத்தைந்து நிமிடம் உபரியாக விட்டிருப்பதாக அவர் சொன்னார். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தமில்லை என்பது கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தொன்பது பேரும் சரியாகவே வந்து சேர்ந்தார்கள். இயக்குநர் புத்தம் புதிய ஷூ போட்டிருந்தார். ஒன்பது இருபதுக்கு நடை தொடங்கியது. ஒன்பது இருபத்தாறுக்கு இயக்குநருக்கு ஒரு யோசனை தோன்றியது.

இங்கேதான் திட்டத்தில் இல்லாத ஒரு விஷயம் வெளியே வந்தது. இயக்குநருக்கு நடந்துகொண்டே பேச வராது. நின்றால்தான் பேச்சு வரும். ஒவ்வொரு யோசனைக்கும் அவர் நின்றார். அவர் நின்றதும் எட்டு ஊழியர்களும் நின்றார்கள். காற்றைப் பற்றி, தூக்கத்தைப் பற்றி, தலைமை அலுவலகத்தில் தாம் ஒரு கோப்பை எப்படி ஒரே நாளில் முடித்தார் என்பதைப் பற்றி அவர் சொன்னார். ஊழியர்கள் தலையாட்டினார்கள். பிறகு அவர் நடந்தார், அவர்களும் நடந்தார்கள். பாதை நான்கு மீட்டர் அகலம், மில்லிமீட்டரே அளந்தது. ஆனால் இயக்குநருக்கு முன்னால் காலை வைக்க அதில் ஒரு சாண் இடம்கூட யாருக்கும் கிடைக்கவில்லை.

உறவினர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. முதல் இரண்டு யோசனைக்கு அவர்களும் மரியாதைக்கு நின்றார்கள். மூன்றாவதற்குத் தட்டச்சரின் மாமியார் நிற்கவில்லை. அந்த அம்மாள் முப்பது வருடம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். வழியில் நிற்பது அவர் காலுக்குப் பழக்கமில்லை. அவர் போக, மில்லிமீட்டரின் மனைவி போனாள். ஜீப் டிரைவரின் தங்கையும் சாப்பாட்டுப் பை தூக்கிய தங்கை கணவரும் போனார்கள். கடைசியில், கணவர் ஆறாவது யோசனையின் நடுவில் இருந்தபோது, இயக்குநரின் மனைவியும் ஓசையில்லாமல் நழுவிப் போனாள். பத்து மணிக்கெல்லாம் உறவினர்கள் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தார்கள். அவர்கள் சிரிக்கிற சத்தம் மட்டும் காற்றில் அவ்வப்போது வந்தது.

குன்றின் அடிவாரத்தில் இயற்கையை ரசிக்கும் ஏழு நிமிடமும் இயக்குநர் குன்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசினார். ஊழியர்கள் குன்றைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார்கள். கணக்கர் ஒருவர் மட்டும் ஓரக்கண்ணால் மேலே பார்த்தார், உடனே “கவனிக்கிறீங்களா?” என்ற கேள்வி வந்தது. குளக்கரைக்கு அவர்கள் வந்தபோது மணி பன்னிரண்டு பத்து. உறவினர்கள் சாப்பிட்டு எப்போதோ போய்விட்டிருந்தார்கள். ஒன்பது பொட்டலங்கள் நாய்க்கு எட்டாமல் ஒரு கிளையில் கட்டித் தொங்கின.

மில்லிமீட்டர் பாதிப் பொட்டலத்தை மடித்து வைத்தார். எழுந்து கை கழுவிவிட்டு மெல்ல இயக்குநரிடம் போனார்.

“சார், வண்டி ஒன்னு நாற்பத்தஞ்சுக்கு. கொஞ்சம் வேகமா நடந்தா...”

“ரயில் நமக்காகவா, நாம ரயிலுக்காகவா?” என்று கேட்டார் இயக்குநர். கேட்டுவிட்டு, இந்தக் கேள்வியே நம் வாழ்க்கையின் மன அழுத்தத்துக்கு மூலகாரணம் என்று விளக்கத் தொடங்கினார். விளக்கம் நான்கு நிமிடம் ஓடியது. தட்டச்சர் அதைக் குறிப்பெடுத்தார்.

பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்குக் கல்குவாரியைத் தாண்டினார்கள். இன்னும் நான்கு கிலோமீட்டர், நூறு மீட்டர். நாற்பத்தேழு நிமிடம். இயக்குநருக்கு இடது குதிகாலில் ஷூ கடிக்க ஆரம்பித்திருந்தது. யோசனை இல்லாதபோதும் நின்றார். மில்லிமீட்டர் கையைச் சட்டைப் பையில் விட்டார். குழுச்சீட்டு தட்டுப்பட்டது. ஸ்டேஷனில் காத்திருக்கும் பத்துப் பேரிடம் டிக்கெட் கிடையாது. சீட்டு போய்ச் சேராவிட்டால் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்களும் ரயிலைத் தவறவிடுவார்கள். அதாவது பத்தொன்பதில் பத்தொன்பதும் பிழை. அவர் வாழ்நாளில் எந்தத் தராசும் அவ்வளவு பிழை காட்டியதில்லை.

அவர் வலதுபுறம் ஒதுங்கினார். ஓர் அடி வைத்தார். பிறகு இன்னோர் அடி. இயக்குநரின் தோளுக்குத் தோள் வந்தார். ஒரு வினாடி இரண்டு பேரும் கல்யாணத்துக்குப் போகிற சம்பந்திகள் மாதிரி ஒன்றாக நடந்தார்கள். பிறகு அவர் முன்னால் போனார்.

பின்னால் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. “போயிட்டாரு” என்று ஜீப் டிரைவர் மூச்சுக் காற்றில் சொன்னது தெளிவாகக் கேட்டது. மில்லிமீட்டருக்குப் பிடரி சுட்டது. இருபத்திரண்டு வருடத்தில் எல்லா அதிகாரிகளின் முதுகையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், தன் முதுகை எந்த அதிகாரிக்கும் காட்டியதில்லை. திரும்பி மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. திரும்பினால் நிற்க வேண்டும், நின்றால் பேச்சு வரும். நடந்தார். வளைவு தாண்டி யாரும் பார்க்காத இடத்தில் ஓடினார்.

ஒன்று நாற்பத்து மூன்றுக்கு ஸ்டேஷனுக்குள் நுழைந்தார். ஒரே பிளாட்பாரம், ஒரு பெஞ்சு, ஒரு தண்ணீர்க் குழாய். உறவினர்கள் ஒன்று பத்துக்கே வந்துவிட்டிருந்தார்கள். அவர் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு இயக்குநரின் மனைவியோடு குழாயில் கால் நனைத்துக்கொண்டிருந்தாள். ரயில் தூரத்தில் வளைந்து வந்துகொண்டிருந்தது.

“சீட்டு இருக்கா?” என்று கேட்டாள் மனைவி.

“இருக்கு.”

“அப்ப ஏறலாமா?”

அவர் சீட்டை எடுத்து விரித்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சீட்டு ஒன்று. பத்தொன்பது பேருக்கும் ஒரே தாள். இது ரயிலேறினால் பின்னால் வருகிற எட்டுப் பேருக்கு, அதிலும் இயக்குநருக்கு, டிக்கெட் இல்லை. இது இங்கே இருந்தால் முன்னால் வந்தவர்கள் போக முடியாது. தாளை இரண்டாகக் கிழிக்கலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

“தனித்தனியா எடுத்திருக்கலாமே” என்றாள் மனைவி.

“சேர்த்து எடுத்தா பதினஞ்சு சதவீதம் கம்மி.”

ரயில் வந்து ஒரு நிமிடம் நின்றது. கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. நிலையப் பொறுப்பாளராக இருந்த பெண் பச்சைக் கொடியை வைத்துக்கொண்டு, ஏறுகிறீர்களா இல்லையா என்பது போல் அவரைப் பார்த்தாள். அவர் தன் கைக்கடிகாரத்தையும் ஸ்டேஷன் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்று நாற்பத்தைந்துக்கு ரயில் புறப்பட்டது. ஒரு வினாடி பிந்தவில்லை. அந்த நிலைமையிலும் அதைப் பார்த்து அவர் மனம் ஒரு கணம் குளிர்ந்தது. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

“உங்க ஆபீஸ்ல நடந்து வந்தவர் நீங்க ஒருத்தர்தான்” என்றாள். “மத்தவங்க எல்லாம் உங்க சார்கூட வர்றாங்க.”

மற்றவர்கள் இரண்டு ஐம்பத்தைந்துக்கு வந்தார்கள். வந்த கோலத்தைப் பார்த்தால் போரில் தோற்ற படை மாதிரி இருந்தது. இயக்குநர் வெறுங்காலோடு நொண்டி வந்தார். ஓட்ட ஜீப் இல்லாததால் கை சும்மா இருந்த டிரைவர் அவருடைய ஷூக்களை கைக்கொரு குழந்தை மாதிரி ஏந்தி வந்தார். மில்லிமீட்டர் எழுந்து நின்றார். இயக்குநர் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வண்டி எத்தனை மணிக்குப் போச்சு?”

“ஒன்னு நாற்பத்தஞ்சு, சார்.”

“கரெக்ட் டைமா?”

“கரெக்ட் டைம், சார்.”

“ம். அப்ப திட்டத்துல தப்பு இல்லை” என்றார் இயக்குநர். அதற்குமேல் ஐந்து பத்து வரை அவருக்கு எந்த யோசனையும் வரவில்லை. உட்கார்ந்திருக்கும்போதும் அவருக்குப் பேச்சு வராது என்பது அன்றைக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போனது. பத்தொன்பது பேரும் பதினாறு கிலோமீட்டர் நடந்தார்கள் என்றும், இறுதியில் ரயில் நிலையத்தில் அமைதியாக உட்கார்ந்து சிந்திக்கச் சிறப்பு நேரம் ஒதுக்கப்பட்டது என்றும், மன அழுத்தம் இருபத்து மூன்று சதவீதம் குறைந்தது என்றும் அதில் இருந்தது. இருபத்து மூன்று எப்படி வந்தது என்று மில்லிமீட்டர் கணக்கரைக் கேட்டார். இருபது என்றால் குத்துமதிப்பாகத் தெரியும், அதனால் மூன்று சேர்த்ததாகக் கணக்கர் சொன்னார்.

புதன்கிழமை மில்லிமீட்டருக்கு ஒரு மெமோ வந்தது. ரயிலைத் தவறவிட்டது பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. பன்னிரண்டு ஐம்பத்தெட்டு மணியளவில் முன் அனுமதி பெறாமல் மேலதிகாரியை முந்திச் சென்றது ஏன் என்று ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் என்று மட்டும் இருந்தது. அலுவலகமே துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது. தட்டச்சர், தானே அடித்த மெமோவைத் தானே கொண்டுவந்து வைத்துவிட்டு, “நான் என்ன சார் பண்றது” என்று சொல்லிவிட்டுப் போனாள். காலில் விழுந்துவிடும்படி கணக்கர் ஆலோசனை சொன்னார். குதிகால் புண் ஆறும் வரை அதுவும் வேண்டாம், காலைப் பார்த்தாலே அவருக்குக் கோபம் வரும் என்றார் டிரைவர்.

மில்லிமீட்டர் மூன்று நாள் உட்கார்ந்து விளக்கம் எழுதினார். முதலில் எழுதியது ஆறு பக்கம் வந்தது, அதில் மன்னிப்பு ஒன்பது இடத்தில் இருந்தது. மனைவியிடம் படித்துக் காட்டினார். அவள் மாத்திரை அட்டைகளை எண்ணுகிற மாதிரி விரல் வைத்து எண்ணிவிட்டு, இவ்வளவு டோஸ் எதற்கு என்று கேட்டாள். கடைசியில் அவர் அனுப்பியது மூன்றே வரி. முந்தியது உண்மை. ரயிலுக்கு நாற்பத்தேழு நிமிடமும் நான்கு கிலோமீட்டர் நூறு மீட்டரும் இருந்தன. மறுபடியும் அப்படி இருந்தால் மறுபடியும் முந்துவேன்.

மூன்று வரிக்கும் கீழே கையெழுத்துப் போட்டார். வேலை போகாது என்று தெரியும், ஆனால் கிடங்குப் பொறுப்புக்கு மாற்றிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார். பத்து நாள் எதுவும் வரவில்லை. பிறகு மெமோ முடித்துவைக்கப்பட்டதாக ஒரு துண்டுத் தாள் வந்தது, காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. அடுத்த நடைப்பயணம் அலுவலக வளாகத்துக்குள்ளேயே நடக்கும் என்றும் அதை டிரைவர் திட்டமிடுவார் என்றும் இன்னொரு சுற்றறிக்கை சொன்னது. டிரைவரின் திட்டம் நாலே வார்த்தை: கேன்டீன் வரை போய்த் திரும்புவது.

காரணம் அவருக்கு வீட்டில்தான் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை மனைவி ரயில் அட்டவணையைக் கேட்டாள். எதற்கு என்றார். மறுநாள் தபால்கார அம்மாளும் டிரைவரின் தங்கையும் இயக்குநரின் மனைவியும் தானும் சேர்ந்து வேறொரு ஸ்டேஷனிலிருந்து நடக்கப் போவதாகச் சொன்னாள். அன்றைக்குக் குழாயடியிலேயே பேசி முடித்தார்களாம். அவருடைய மெமோவையும் மூன்று வரி விளக்கத்தையும் வீட்டில் கணவரின் மேஜையில் பார்த்து இயக்குநரின் மனைவிதான் சிரித்தே முடித்துவைத்தாள் என்றும் சொன்னாள்.

“நானும் வரலாமா?” என்று கேட்டார்.

“ஊழியர்களுக்கு இடமில்லைன்னு பேசியிருக்கோம்” என்றாள். அவர் முகம் விழுந்ததைப் பார்த்துவிட்டு, “புருஷனா வந்தா வரலாம்” என்றாள்.

அவர் புருஷனாகப் போனார். பெண்கள் நால்வரும் ஸ்டேஷனில் இறங்கி, இடப்பக்கம் போவதா வலப்பக்கம் போவதா என்று வாசலிலேயே நின்று கால் மணி நேரம் பேசினார்கள். அவருக்கு நாக்கு துருதுருத்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். கடைசியில் எதிரில் எருமை ஓட்டி வந்த ஒருவரிடம் கேட்டு இடப்பக்கம் நடந்தார்கள். வழியில் இயக்குநரின் மனைவி அவரிடம், தன் வீட்டுக்காரரும் அடுத்த வாரம் வரலாமா என்று கேட்டதாகச் சொன்னாள்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“தாராளமா வாங்க, ஆனா நாங்க நிக்க மாட்டோம்னு சொன்னேன்” என்றாள் அவள்.

அடுத்த வாரம் இயக்குநர் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். ஸ்டேஷன் வாசலில் அவரும் மில்லிமீட்டரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள். வணக்கம் சொல்வதா வேண்டாமா என்று மில்லிமீட்டர் கையைப் பாதி தூக்கினார். அதற்குள் பெண்கள் நாலு வயல் தாண்டிவிட்டார்கள். இரண்டு புருஷர்களும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, அவர்களைப் பிடிக்க ஓடினார்கள்.